கூட்டினால் எட்டு வரும் எண்

கலைமணிக்கு ஒரு ஸ்கூட்டர் வேண்டும் என்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில் காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் தெரிந்த செய்தி. அவள் புருஷன் கண்ணாயிரம் வாத்தியாருக்குத்தான் அது கடைசியாகத் தெரிந்தது. அதுவும் எதிர்வீட்டுப் பட்டம்மாள் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்ட பிறகு.

"ஏன் சார், ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லித் தர்றீங்க. நீங்க பைக்குல பறக்கறீங்க, பொண்டாட்டி தெனம் ஷேர் ஆட்டோவுல நசுங்கிப் போறது மட்டும் உங்க கணக்குல வரலியா?"

கலைமணி வேலை பார்ப்பது திருப்பாதிரிப்புலியூரில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்த வேண்டுமென்றால் இவள் விடிந்ததும் கிளம்ப வேண்டும். அந்த நேரத்து ஷேர் ஆட்டோவில் மீன்கூடைக்குத்தான் முதல் மரியாதை. லேபுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஊசி குத்துகிறதுக்கு முன்னால் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுவாள். மூன்றாவது தரம் கழுவுவது தன் ஆறுதலுக்கு.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எண் என்று எதைப் பார்த்தாலும் கூட்டிவிடுவாள். கேஸ் சிலிண்டர் எண், பஸ் டிக்கெட் எண், ரத்தக் குழாயில் ஒட்டிய சீட்டின் எண் எல்லாவற்றையும் ஒற்றை இலக்கம் வருகிற வரைக்கும் கூட்டிக்கொண்டே போவாள். எட்டு வந்துவிட்டால் அந்த ஆளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவாள். மெஷின் அதைச் சொல்ல மத்தியானம் ஆகும். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவும் இருந்துவிடும். கடலூரில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை?

கண்ணாயிரமும் எண் பைத்தியம்தான், ஆனால் வேறு வகை. அவருக்குப் பகா எண்தான் உயிர். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்; இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஆரம்பித்து முடிவே இல்லாமல் போகிறது. ஆயிரமாவது பகா எண் 7919, இலட்சமாவது பகா எண் 1299709 என்று சாம்பார் ஊற்றும்போதுகூடச் சொல்வார். கல்யாண நாள் என்றைக்கு என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

அவருடைய டியூஷன் சென்டர் மஞ்சக்குப்பத்தில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிறவர்களுக்கு வரும் வியாதி அவருக்கும் வந்தது. சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடியைப் பிடித்துக் கிளை திறக்க ஏற்பாடு செய்தார். சிதம்பரத்தில் ஏற்கெனவே ராஜவேல் என்கிற கணக்கு வாத்தியார் பல வருஷமாகக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். "கடலூர்லேருந்து வந்து நமக்குக் கணக்கு சொல்லித் தரப் போறாராமா? பீச்சுல சுண்டல் விக்கச் சொல்லுங்க, அங்க கூட்டம் ஜாஸ்தி" என்று அவர் யாரிடமோ சொல்ல, அது மறுநாளே மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்தது. இந்த மாதிரிப் பேச்சுக்கு மட்டும் பஸ் டிக்கெட்டே தேவையில்லை.

அன்று சாயங்காலம் கண்ணாயிரம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கலை, ஸ்கூட்டர் வாங்கிடலாம்."

சப்பாத்தி மாவுக் கையோடு அவள் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு சுலபமாக நல்லது நடந்து அவளுக்குப் பழக்கமில்லை.

"ஆனா மொதல்ல அது சிதம்பரம் போயிட்டு வரணும்."

"எதுக்கு, சாமி கும்புடவா?"

"பரிசா. திறப்பு விழாவுல போட்டி வெக்கப் போறேன். ஒரு பெரிய எண்ணக் குடுப்பேன். ரெண்டு எண்ணோட பெருக்கலா அதப் பிரிச்சுக் காட்டணும். ஒண்ணாலயும் அதே எண்ணாலயும் பிரிக்கறது செல்லாது. அர மணி நேரம், பேப்பர், பென்சில். செல்போன வாசல்லயே வாங்கி வெச்சுடுவோம், இல்லாட்டி அது ஒரு நொடியில சொல்லிடும். வாத்தியாருங்களும் கலந்துக்கலாம்னு நோட்டீஸ்லயே போடப் போறேன்."

"ராஜவேல் சார் வரணும், அதானே?"

"வரட்டுமே. மொத வரிசையில உக்காந்து முழிக்கட்டும்."

"யாராச்சும் ஜெயிச்சுட்டா?"

"ஜெயிக்க மாட்டாங்க. வண்டி மேடையில மால போட்டுக்கிட்டு நிக்கும், அப்பறம் நேரா நம்ம வீட்டுக்கு வந்துடும். விளம்பரத்துக்கு விளம்பரம், வண்டிக்கு வண்டி. நீ கலர் மட்டும் சொல்லு."

மெரூன் என்று சொல்ல அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. பல மாதமாக யோசித்து வைத்ததுதான்.

கண்ணாயிரம் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். ஆயிரமாவது பகா எண்ணையும் இலட்சமாவது பகா எண்ணையும் பெருக்கி வைத்திருந்தார். 10292395571. ஆயிரத்து இருபத்தொன்பது கோடியே இருபத்துமூன்று லட்சத்துச் சொச்சம். பெருக்குவது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு நிமிஷ வேலை. பிரிப்பதுதான் கஷ்டம். இரண்டால் வகுத்துப் பார்க்க வேண்டும், போகாது. மூன்றால் பார்க்க வேண்டும், போகாது. ஐந்து, ஏழு, பதினொன்று என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது எண்கள் கையை விரிக்கும். ஆயிரமாவதில்தான் கதவு திறக்கும். அரை மணி நேரத்தில் கையால் அதைச் செய்கிற மனுஷன் சிதம்பரத்தில் இல்லை, கடலூரிலும் இல்லை. இதைச் சொல்லும்போது கண்ணாயிரத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாண ஆல்பத்தில் அப்படி ஒரு படம் கிடையாது.

கலைமணி தாளைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"நாப்பத்திநாலு வருது. நாலும் நாலும் எட்டு."

"அதுக்கென்னா?"

"எட்டுங்க! நம்ம பழைய வண்டி நம்பரும் எட்டுதான். கெடிலம் ஆத்துல வெள்ளம் வந்தப்ப தெருவுல எல்லார் வண்டியும் நனஞ்சுது. நம்மளது ஒண்ணுதான் அடிச்சிக்கிட்டுப் போச்சு."

"நீ மேட்டுல நிறுத்தாம விட்ட, அது போச்சு. இங்க பாரு கலை. ஒரு எண்ணோட இலக்கத்தையெல்லாம் கூட்டிக்கிட்டே போனா கடைசியில வர்றது என்னா தெரியுமா? அத ஒம்போதால வகுத்தா வர்ற மீதி. உங்க ஜோசியமெல்லாம் வெறும் மீதி. இந்த எண்ண ஒம்போதால வகுத்தா எட்டு மிஞ்சுது. அதுக்குமேல அதுல ஒண்ணுமே இல்ல."

"அப்ப மிச்சமே இல்லாம ஒம்போதுன்னு வந்தா நல்லதுதானே?"

"நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. சப்பாத்தி கருகுது பாரு."

அந்த இடத்தில் அவர் இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். மிச்சமில்லை என்றால் அந்த எண் ஒன்பதால் வகுபடும், ஒன்பதால் வகுபட்டால் மூன்றாலும் வகுபடும், அப்புறம் போட்டி எங்கே போட்டியாக இருக்கும் என்று. சொல்லவில்லை. ஃபீஸ் கட்டாதவர்களுக்கு வாத்தியார்கள் அவ்வளவு தூரம் விளக்குவதில்லை.

"வேற நம்பர் போடுங்களேன்" என்று மட்டும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள்.

"இது ஆயிரமாவதும் லட்சமாவதும், கலை!" என்றார் அவர், அவள் ஏதோ கோயில் சிலையைப் பெயர்த்துத் தரச் சொன்ன மாதிரி.

அதோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள். பேச்சை விட்டாளே தவிர எட்டை விடவில்லை.

ஃப்ளெக்ஸ் அடிக்கிற வேலை சிலம்பரசனுக்குப் போயிருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே அவன் கடை. காதுகுத்திலிருந்து கருமாதி வரைக்கும் இந்த வட்டாரத்தின் எல்லா முகமும் அவன் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. வேண்டியவர்களுக்கு முடியும் வளர்த்துக் கொடுப்பான். கண்ணாயிரம் எண்ணை எழுதிக் கொடுத்து, "அடிச்சதும் சுருட்டி வெச்சுடு, யாருக்கும் காட்டாத, சிதம்பரத்துல நேரா மேடையில கட்டி மேல திரையப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். தன் ஃபோட்டோவைக் கொடுக்க மறந்துவிட்டார். அதைக் கொடுக்கக் கலைமணி போனாள்.

கம்ப்யூட்டர் திரையில் அந்த எண் கொட்டை எழுத்தில் நின்றது. அவள் மறுபடியும் கூட்டினாள். கொட்டை எழுத்தில் கூட்டினாலும் எட்டுதான் வந்தது. அதில் இரண்டாவதாக ஒரு பூஜ்யம் வேறு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

கலைமணி கணக்கில் ஒன்றும் மக்கு இல்லை. கடைசியில் இருக்கிற ஒன்றை இரண்டாக்கினால் ஒன்பது வரும், ஆனால் எண் இரட்டைப்படையாகிவிடும், பாதியாக வெட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது யாராவது வெறும் நூறு எழுதுகிறார்களா? நூற்றொன்று என்றுதான் எழுதுகிறோம். ஒன்று கூடினால் மங்கலம், பூஜ்யத்தில் நிறுத்தினால் ஆகாது. இது உலகத்துக்கே தெரிந்த விஷயம். பூஜ்யம் போய் அந்த இடத்தில் ஒன்று வந்தால் கூட்டுத்தொகை நாற்பத்தைந்து, நாலும் ஐந்தும் ஒன்பது. பார்க்கவும் ஒற்றைப்படை, முரட்டு எண்ணாகத்தான் தெரிந்தது.

"தம்பி, அந்தப் பூஜ்யத்த ஒண்ணாக்கிடு."

சிலம்பரசன் சுட்டியிலிருந்து கையை எடுத்தான். "சார் சொன்னாராக்கா?"

"சார் சொல்லாமலா நான் வந்து நிக்கிறேன்?"

பதினோரு இலக்கத்தில் ஒரே ஒரு இலக்கம்தானே என்று அவள் நினைத்தாள். அந்த ஒன்று நின்ற இடத்துக்கு மதிப்பு நூறு கோடி என்பது அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த தாயார் மாதிரி நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஷேர் ஆட்டோவில் அவளுக்கு ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. ஒன்பது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். மெரூன் ஸ்கூட்டர் குட்டியானை லோடு வண்டியில் ஏறி வந்து மேடையில் மாலையோடு நின்றது. பக்கத்தில் நாற்காலி போட்டுக் கலைமணி உட்கார்ந்திருந்தாள். சிவப்பு நாடா கட்டிய சாவி அவள் மடியில். வண்டியை அவள் பார்த்த பார்வையில், பரிசைக் காவல் காக்கிறாளா, பெண் பார்க்க வந்திருக்கிறாளா என்று முன்வரிசையில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. சமோசாவுக்குப் பாதி, ஸ்கூட்டருக்குப் பாதி. முதல் வரிசையில் ராஜவேல் வெள்ளைச் சட்டையில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாயிரம் எதிர்பார்த்த அதே இடம்.

கண்ணாயிரம் மைக்கைப் பிடித்தார். பகா எண்ணின் பெருமையைச் சொன்னார். கணக்கில் கடலூருக்கு இருக்கிற பெருமையைச் சொன்னார். அது என்ன பெருமை என்று சொல்லவில்லை. பிறகு திரையை இழுக்கச் சொன்னார். சிலம்பரசன் கயிற்றை இழுத்தான். கூட்டம் "ஓ" என்றது. கண்ணாயிரம் திரும்பிப் பார்க்கவில்லை. பெயரில்தான் ஆயிரம் கண். இருந்த இரண்டும் ராஜவேலின் முகத்தில் இருந்தன. பெற்ற பிள்ளை மாதிரி மனப்பாடமான எண்ணை எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

மண்டபம் அமைதியானது. பென்சில் உரசுகிற சத்தமும் மின்விசிறிச் சத்தமும்தான். கலைமணிக்கு அந்த அமைதி தேனாக இருந்தது. நாளைக் காலையில் இந்த வண்டியில் லேபுக்குப் போய் எங்கே நிறுத்துவது, வெயில் படாத இடம் எது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ராஜவேல் என்னவோ எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்தார், தெருவில் கிடக்கிற பர்ஸைப் பார்த்துவிட்டு எவனாவது நூல் கட்டி இழுக்கிறானோ என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி. கடைசியில் எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். ஒண்ணுதானே ஆகாது? அதுக்குமேல எவ்ளோ சின்ன எண்ணா இருந்தாலும் செல்லும்தானே?"

"தாராளமா செல்லும் சார். ஆனா இருக்கணுமே!"

கடலூரிலிருந்து வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அப்ப மூணு" என்றார் ராஜவேல்.

கண்ணாயிரம் மைக்கிலேயே சிரித்தார். "சார், மூணால போவுதான்னு பாக்க இலக்கத்தக் கூட்டிப் பாக்கணும். அது எங்க சென்டர்ல ஆறாங்கிளாஸ்லயே சொல்லித் தர்றோம். கூட்டினா நாப்பத்திநாலு வரும். மூணால போவாது. உக்காருங்க, சமோசா வரும்."

"நாப்பத்தஞ்சு வருது சார்."

"சிதம்பரத்துல கூட்டல் வேற மாதிரியா சார்?"

ராஜவேலுக்குக் காது சிவந்தது. "ஏம்ப்பா, எல்லாரும் ஒண்ணா கூட்டுங்கப்பா, சார் காதுல விழட்டும்" என்று பின்னால் திரும்பிக் கையைத் தூக்கினார். அவருடைய மாணவர்கள் பாதி மண்டபத்துக்கு இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு..." என்று கூட்டம் ஆரம்பித்தது.

"ஒண்ணும் பூஜ்யமும்" என்று திருத்த வாயைத் திறந்த கண்ணாயிரம் அப்படியே நின்றார். "ரெண்டும் ரெண்டும் நாலு, நாலும் ஒம்போதும் பதிமூணு" என்று அது கோயில் பஜனை மாதிரி ஏறிக்கொண்டே போனது. "நாப்பத்திநாலும் ஒண்ணும் நாப்பத்தஞ்சு!" என்று முடிந்தபோது கைதட்டல். கண்ணாயிரம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். ஃப்ளெக்ஸில் அவருடைய சொந்த முகம் நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே 11292395571.

"மூணு பெருக்கல் முந்நூத்து எழுபத்தாறு கோடியே நாப்பத்தோரு லட்சத்து முப்பத்தோராயிரத்து எண்ணூத்து அம்பத்தேழு" என்று ராஜவேல் தாளைப் பார்த்து நிதானமாக வாசித்தார்.

"இது என் எண் இல்ல. அச்சுப் பிழை" என்றார் கண்ணாயிரம்.

"தோத்துட்டா அச்சுப் பிழையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "வண்டி வாடக வண்டி போலருக்குடா" என்றார் இன்னொருவர். பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேர்க்கைக்கு வந்தவர்கள் எழுந்துபோக வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கிற பார்வை அது.

"சிலம்பரசா!" என்று கண்ணாயிரம் போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவைப்படவில்லை. "எவன்டா உன்ன எண்ண மாத்தச் சொன்னது?"

தூணோரம் நின்றிருந்த சிலம்பரசன் வாயில் சமோசாவோடு திகைத்தான். விழுங்கினான். "சார், நீங்கதான சார்..." என்று ஆரம்பித்து மேடையில் இருந்த கலைமணியைப் பார்த்தான்.

கலைமணி மடியிலிருந்த சாவியைப் பார்த்தாள். அவள் புருஷனுடைய வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்தவள் இல்லை. ஆனாலும் அந்த நொடியில் அவள் போட்ட கணக்கு மாதிரி அந்த மண்டபத்தில் வேறு யாரும் போடவில்லை. நான்தான் மாற்றினேன், அசல் எண் இது இல்லை என்று சொன்னால் போட்டி செல்லாது, வண்டி தப்பிக்கும். ஆனால் எதற்கு மாற்றினாய் என்று கேட்பார்கள். கணக்கு வாத்தியார் பெண்டாட்டி எட்டுக்குப் பயந்து எண்ணை மாற்றினாளாம் என்கிற சேதி நாலு வீதியையும் சுற்றிவிட்டு அவளுக்கு முன்னால் கடலூர் போய்ச் சேரும். தெற்கு வீதி மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். பேசாமல் இருந்தால் சிலம்பரசன் சொல்லிவிடுவான். அப்போதும் அதே சேதிதான். வண்டியும் சென்டரும் இரண்டும் மிஞ்சுகிற மாதிரி ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

எழுந்தாள். மேடையிலிருந்து இறங்கி ராஜவேல் எதிரே போய் நின்றாள். சிலம்பரசன் அடுத்த வார்த்தை பேசுகிறதுக்குள் சாவியை நீட்டினாள்.

"போர்டுல என்னா இருக்கோ அதான் நம்பர். நீங்க பிரிச்சுட்டீங்க. வண்டி உங்களுது சார்."

"கலை!" என்றார் கண்ணாயிரம் மேலிருந்து.

"சொன்னா சொன்னதுதாங்க" என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமலே. குரல் கொஞ்சம் உடைந்தது. அது நேர்மையின் கம்பீரம் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

ராஜவேலே கொஞ்சம் ஆடிப்போய்விட்டார். "இல்லம்மா, பிழைன்னு சொல்றாங்களே, வேணும்னா வேற எண்ணு..." என்று இழுத்தார். ஆனால் இழுத்துக்கொண்டே சாவியையும் வாங்கிக்கொண்டார். மண்டபம் கைதட்டியது. "குடுத்த வாக்க காப்பாத்துறாங்கடா" என்று வாடகை வண்டி என்றவரே சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் தெற்கு வீதிக் கிளையில் மூன்று வகுப்பு நிரம்புகிற அளவுக்குப் பேர் கொடுத்தார்கள். அடுத்த போட்டி எப்போது என்று விசாரித்தவர்கள் அதைவிட அதிகம். மூன்றால் வகுத்தால் ஸ்கூட்டர் கிடைக்கிற சென்டர் வேறு எங்கே இருக்கிறது?

ராஜவேல் மாலையோடு அந்த வண்டியை நாலு வீதியும் ஓட்டிச் சுற்றி வந்தார். அதை இவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பார்க்க வேண்டியதாகிவிட்டது. கலைமணி எதிர்ப்பக்கம் இருந்த வளையல் கடையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் கண்ணாயிரம் அவளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டார். அதுவே வழக்கமில்லை. மிஞ்சிய போட்டித்தாள் ஒன்றை முழங்காலில் வைத்துக்கொண்டு பென்சிலால் வகுக்க ஆரம்பித்தார். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் தலையைத் தூக்கினார்.

"மூணு மட்டும் இல்ல. ஒம்போதாலயும் போவுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பவும் ஒம்போதால போவுது. எண்பத்தொண்ணு" என்றார். பி.முட்லூர் தாண்டியதும், "பதினேழாலயும் போவுது, கலை." புதுச்சத்திரத்தில் ஆள் ஏறிக்கொண்டிருந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "பத்தொம்போதாலயும். இது எண்ணா, அப்பளமா? தொட்ட எடமெல்லாம் ஒடையுது!"

கலைமணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அந்த சிலம்பரசனக் கடையிலயே போய்ப் பாக்கறேன்" என்றார் அவர். "இனிமே நம்ம வேல ஒண்ணுகூட அவனுக்குப் போவாது."

அவள் திரும்பினாள். "அவன் மேல தப்பு இல்லீங்க. நான்தான் மாத்தச் சொன்னேன். நீங்க சொன்னதா சொல்லி."

கண்ணாயிரம் தாளை மடித்தார். பிரித்தார். "தெரியும்."

"தெரியுமா?"

"பூஜ்யம் போயி ஒண்ணு வந்திருக்கு. எட்டு போயி ஒம்போது வந்திருக்கு. அச்சுப் பிழைக்கு அவ்ளோ ஜோசியம் தெரியாது. நீயா சொல்றியான்னு பாத்தேன்." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "அங்கயே சொல்லியிருந்தா வண்டி தப்பிச்சிருக்குமே."

"வண்டி தப்பிச்சிருக்கும். உங்க சென்டரு?"

மாட்டிக்கொண்டால் என்ன செய்வாரோ அதைத்தான் அப்போதும் செய்தார். பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"நீ கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். பெரிய பகா எண்ணு ரெண்ட எடுத்துப் பெருக்கினா, கூட்டுத்தொகை மூணு, ஆறு, ஒம்போது இந்த மூணும் எந்தக் காலத்துலயும் வராது. வந்தா அது மூணால போவும். மத்த எதுவும் வரலாம். உனக்கு எது புடிக்கும் சொல்லு."

"அஞ்சு" என்றாள் அவள், கொஞ்சம் யோசித்து. "அஞ்சு வியாபாரத்துக்கு நல்லது."

கண்ணாயிரம் தாளின் மூலையில் கிறுக்கினார். முகத்தில் அந்த வெளிச்சம் திரும்ப வந்தது. "இங்க பாரு. பத்து லட்சமாவது பகா எண் 15485863. கூட்டினா நாப்பது, அதாவது நாலு. ஆயிரமாவது 7919, கூட்டினா எட்டு. ரெண்டையும் பெருக்கிப் பாக்கவே வேணாம், நாலெட்டு முப்பத்திரண்டு, மூணும் ரெண்டும் அஞ்சு! பெருக்கினா வர்ற எண்ணுக்கும் அதே அஞ்சுதான். அடுத்த வருஷம் இத வெப்போம். உனக்கும் பயம் இல்ல, எனக்கும் பயம் இல்ல. இன்னொரு ஸ்கூட்டர வாங்கி மேடையில நிறுத்தறோம், நேரா நம்ம வீட்டுக்கு..."

"எனக்கு வாங்கற வண்டி மேடைக்குப் போவாது" என்றாள் கலைமணி. "கடையிலேருந்து நேரா வீட்டுக்கு வரும். பரிசுக்கு உங்க பைக்க வைங்க."

"என் பைக்கா?"

"ஏன், யாரும் ஜெயிக்க முடியாதுன்னு சொன்னீங்களே. மால போட்டுக்கிட்டு நிக்கட்டும். அப்பறம் வீட்டுக்குத்தானே வரப்போவுது?"

கண்ணாயிரம் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஆலப்பாக்கத்தில் பஸ் நின்று கிளம்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஆயிரமாவது பகா எண் முதல் தடவையாக அவர் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தது. 7919-ஐ அடித்துவிட்டு, தாளைத் திருப்பி, பத்து லட்சத்துக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.